வெல்டிங் வெளிச்சத்துக்கு ஒரு தகரமாவது மறைங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

திருகோணமலை டவுனுக்குள்ள றோட்டுக்கரையில இருக்கிற வெல்டிங் கடைகளைப் பற்றித்தான் இதை எழுதுறன். கேற், கிரில், லான்ட்மாஸ்டர் பெட்டி எண்டு எல்லாத்தையும் கடைக்கு வெளியில போட்டுத்தான் ஒட்டுறாங்கள், உள்ளுக்கு இடம் காணாது, அது விளங்குது, ஆற்ற தொழிலையும் குறை சொல்ல வரேல்ல. ஆனா ஒரு மறைப்பும் இல்லாம அந்த நீல வெளிச்சம் போறவாற எல்லாற்ற கண்ணிலயும் அடிக்குது. பள்ளிக்கூடம் விட்டு வாற சின்னப் பிள்ளையள் நிண்டு விடுப்புப் பாக்குதுகள், தள்ளிப் போ எண்டு சொல்ல ஒருத்தரும் இல்ல.

அதில கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்தான் பொல்லாதது, கருவிழியின்ர மேற்படையைச் சுட்டுப்போடும். அந்த நேரம் ஒண்டும் தெரியாது. 6 மணித்தியாலம், 12 மணித்தியாலம் கழிச்சு நடுச்சாமத்தில கண்ணுக்குள்ள மண் கிடந்து அறுக்கிற மாதிரி இருக்கும், தண்ணியா ஓடும், லைற்றைப் பாக்கேலாது. பகல் கண்ட வெளிச்சத்தாலதான் இது எண்டு தாய் தகப்பனுக்கு எப்பிடித் தெரியும்? அனேகமா ரெண்டு நாளுக்குள்ள ஆறிடும், எண்டாலும் தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூ எண்டு விடாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. நோவு தெரியாம விறைக்கப் பண்ணுற சொட்டு மருந்தை ஆரிட்டயும் வாங்கி வீட்டில விடவே கூடாது, காயம் ஆறாமப் போயிடும்.

ஒட்டுற ஆக்களுக்கு இன்னும் மோசம். போன மாசம் ஒரு கடையில கேற்றின்ர காலைப் பிடிச்சுக்கொண்டு நிண்ட பெடியனுக்கு மிஞ்சினால் பதினேழு வயசிருக்கும், ஒட்டுறவருக்கு முகமூடி இருந்தது, இவனுக்கு ஒரு சாதாரண கூலிங் கிளாஸ், அதுவும் பக்கமெல்லாம் திறந்தது, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு நிக்கிறான். ஆர்க் வெல்டிங்குக்கு 10ஆம் இலக்கம் மாதிரி கடும் கறுப்புக் கண்ணாடி வேணும், கூலிங் கிளாஸ் எந்த மூலைக்கு? வெல்டிங்கில வாற புற ஊதாக் கதிரை மனுசருக்குப் புற்றுநோய் வரப்பண்ணுற சாமான்களின்ர பட்டியலில உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2017இலேயே சேர்த்திட்டுது, கண்ணில வாற மெலனோமா எண்ட புற்றுநோயைச் சொல்லித்தான் சேர்த்தது. நிலாவெளி, உப்புவெளிக் கரையில காலம் முழுக்க வெயிலுக்க நிக்கிற எங்கட ஆக்களுக்கு ஏற்கனவே கண்ணில சதை வளருது, வெண்புரை வருது, இது அதுக்கு மேலால.

இத்தனைக்கும் இதைத் தடுக்கப் பெரிய காசு தேவையில்ல. இந்தக் கதிர் தகரத்தைத் தாண்டாது. ஆள் உயரத்துக்கு ரெண்டு தகரத்தைக் கால் வச்சு அடிச்சு றோட்டுப் பக்கம் நிறுத்தினால் போதும், உள்பக்கம் மினுங்காத பெயின்ற் அடிக்கோணும், இல்லாட்டி தெறிச்சு ஒட்டுறவருக்கே திரும்பி வரும். படங்கு கட்டவேண்டாம், பொறி பட்டுப் பத்தும்.

அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கிற நேரம் இந்த மறைப்பும், கைக்கு நிக்கிற பெடியனுக்கும் ஒரு முகமூடியும் இருக்கோ எண்டு அதிகாரிமார் பாத்திட்டுக் குடுக்கோணும். எல்லாக் கடைக்கும் ஒரேயடியா ஏலாதெண்டால் பள்ளிக்கூடங்களுக்குக் கிட்ட இருக்கிற கடைகளில இருந்தாவது தொடங்குங்கோ.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.