தூக்கம் வராதவரைச் சீக்கிரம் படுக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நல்ல தூக்கத்துக்குப் பத்து வழிகள் என்று போன வாரம் இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாலைந்து வருடத்துக்கு முன்பு வந்திருந்தால் இரவு இரண்டே முக்காலுக்கு எழுந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வரிக்கும் அடிக்கோடு போட்டுப் படித்திருப்பேன். இப்போது காலையில் சாவகாசமாகப் படித்தேன், படித்ததும் கோபம் வந்தது, அதனால்தான் இந்தக் கடிதம். பத்தில் எட்டைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. அறை இருட்டாக இருக்கட்டும், சாயங்காலத்துக்கு மேல் காபி வேண்டாம் என்பதெல்லாம் சரிதான், நன்றாகத் தூங்குகிறவர்கள்கூடக் கடைப்பிடிக்கலாம். ஆனால் மூன்றாவதும் ஏழாவதும் இருக்கின்றனவே, அவை ஏற்கெனவே குழியில் கிடப்பவனை இன்னும் இரண்டு அடி உள்ளே தள்ளும் யோசனைகள். தூக்கம் போதவில்லை என்றால் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் படுத்துவிடுங்கள் என்பது ஒன்று. தூக்கம் வராவிட்டாலும் எழுந்திருக்காமல் கண்ணை மூடிப் படுத்தே இருங்கள், தானாக வரும் என்பது இன்னொன்று. இரண்டையும் நாலு வருடம் விடாமல் செய்து பார்த்தவன் நான்.

எனக்கு இது ஆரம்பித்தது ஒரு வேலைத் தொல்லையில். அலுவலகத்தில் ஒரு கணக்கு இடித்தது, அதற்கு நான்தான் பதில் சொல்லியாக வேண்டிய நிலை. இரண்டு மாதத்தில் அது தீர்ந்துவிட்டது, தூக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. விருந்தாளி கிளம்பிப் போன பிறகும் அவருடைய பெட்டி நம் வீட்டுக் கூடத்திலேயே கிடப்பது மாதிரி. நேற்றுத் தூங்காததை இன்றைக்கு ஈடுகட்ட வேண்டும் என்று ஒன்பது மணிக்கே படுக்கப் போய்விடுவேன். கூடத்து நாற்காலியில் கண் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்தான், தலை தலையணையில் பட்டதும் பளிச்சென்று விழித்துக்கொள்வேன். படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கடிகாரம், இருட்டில் பச்சையாக எண்கள் தெரியும். 11:20, இப்போது தூங்கினால்கூட ஆறு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். 1:05, சரி, ஐந்து மணி நேரம். 2:40, மூன்று மணிச் சொச்சம். பகலெல்லாம் கணக்குப் பார்க்கிறவன் ராத்திரியும் கணக்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையணையைத் திருப்பிப் போட்டு, குளிர்ந்த பக்கத்தில் கன்னத்தை வைத்தால் ஒரு நிமிஷம் சுகமாக இருக்கும், அப்புறம் அதுவும் சூடாகிவிடும். பக்கத்தில் மனைவியின் மூச்சு சீராக வந்துகொண்டிருக்கும்; சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த மூச்சுச் சத்தத்தின் மேல் எனக்கு அவ்வளவு பொறாமை. கடைசியில் ஐந்து மணிக்கு உங்கள் பத்திரிகை வாசல் கதவில் வந்து விழும். அந்தச் சத்தம் காதில் விழுந்துவிட்டால் அன்றைய இரவு போனது போனதுதான்.

இதில் நான் செய்த தப்பு என்ன என்பது வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. சேரச் சேரத் தூக்கம் அழுத்தும், தூங்கினால் அது குறையும். காபியில் இருக்கும் காஃபின் என்ன செய்கிறது என்றால், அந்த அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். இதோடு, எப்போது தூங்க வேண்டும், எப்போது விழிக்க வேண்டும் என்று சொல்லும் ஒரு கடிகாரமும் உடம்புக்குள் தனியாக ஓடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் தூக்கத்தை நடத்துகின்றன என்று 1982-ல் சூரிச் நகரத்தில் அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆய்வாளர் எழுதினார். பசியை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். நாள் முழுக்க எதையாவது கொறித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே இலை போட்டு உட்கார்ந்தால் பசிக்குமா? மத்தியானம் ஒரு மணி நேரம் கண் அயர்ந்துவிட்டு ஒன்பதுக்கே படுப்பது அதே கதைதான். போதாததற்கு, வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய ஓரிரண்டு மணி நேரம் அந்த உள்கடிகாரம் நம்மை நன்றாக விழிப்போடு வைத்திருக்கும் நேரம். அந்த நேரம் பார்த்துப் போய்ப் படுத்தால் புரளுவதைத் தவிர வேறு வழியில்லை.

அதைவிட மோசம், படுக்கையிலேயே கிடப்பது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் படுத்துக்கொண்டு கவலைப்பட்டால், அது கவலைப்படுவதற்கான இடம் என்று உடம்பு பாடம் படித்துக்கொள்கிறது. நாற்காலியில் வந்த தூக்கம் மெத்தையில் ஓடிப்போவதற்குக் காரணம் இதுதான். ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் இதற்கு 1972-லேயே மருந்து சொல்லிவிட்டார்: தூக்கம் கண்ணைச் சொக்கினால் மட்டும் படு, கொஞ்ச நேரத்தில் வரவில்லை என்றால் எழுந்து வேறு அறைக்குப் போ, மறுபடி சொக்கும்போது வா, எத்தனை தடவை ஆனாலும் சரி, காலையில் ஒரே நேரத்தில் எழுந்திரு. உங்கள் ஏழாவது யோசனை இதற்கு நேர் எதிர்.

நான் கடைசியாகப் போன மருத்துவர் மாத்திரைச் சீட்டை எடுக்கவே இல்லை. இரண்டு வாரம் எப்போது படுத்தேன், சுமாராக எப்போது தூங்கினேன், எப்போது எழுந்தேன் என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னார், கடிகாரத்தைப் பார்க்காமல் மனசில் தோன்றியபடி. எழுதிப் பார்த்தால் ஒன்பது மணி நேரம் படுக்கையில் இருக்கிறேன், தூங்குவது ஐந்தரை. நூற்றுக்கு அறுபத்தொன்று. அவர் சொன்ன தீர்வைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இனிமேல் ஐந்தரை மணி நேரம்தான் படுக்கை, பன்னிரண்டரைக்குப் படுத்து ஆறுக்கு எழுந்துவிட வேண்டும், முந்திய இரவு ஒரு பொட்டுத் தூங்காவிட்டாலும் ஆறுக்கு எழ வேண்டும், பகலில் தூக்கம் கிடையாது. தூக்கம் இல்லை என்று வந்தவனிடம் இன்னும் குறை என்கிறாரே! இது ஆர்தர் ஸ்பீல்மன் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 1987-ல் எழுதிய முறை என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டதுதான்.

முதல் வாரம் நரகம். தூக்கமே வராது என்று புலம்பியவன் பதினொன்றே காலுக்குத் தூக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உட்கார்ந்தால் சாய்ந்துவிடுவேன் என்று நின்றுகொண்டே துணி மடித்தேன். ஒரே சட்டையை இரண்டு தடவை பிரித்து மடித்த ராத்திரியும் உண்டு. பகலில் வாய் ஓயாமல் கொட்டாவி, யார் பேசினாலும் எரிச்சல். வீட்டில் எல்லாரும் இது என்ன வைத்தியம் என்று கேட்டார்கள், எனக்கும் பதில் தெரியவில்லை. ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, பன்னிரண்டரைக்குப் படுத்தது ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு அலாரம் அடித்ததுதான் ஞாபகம். நடுவில் எதுவும் இல்லை. அந்த நடுவில் எதுவும் இல்லாததை நான் நாலு வருடமாகப் பார்க்கவில்லை. படுத்திருக்கும் நேரத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் தூங்கினால் வாரத்துக்குக் கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம் என்பது கணக்கு. இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று, ஆறே முக்கால் மணி நேரத்தில் வந்து நின்றது, எனக்கு அது போதுமாக இருக்கிறது.

படித்துவிட்டு யாரும் இன்று ராத்திரியே தானாக ஆரம்பித்துவிட வேண்டாம். வலிப்பு உள்ளவர்கள், மனநிலை ஏறி இறங்கும் இருதுருவ நோய் உள்ளவர்கள், இரவில் வண்டி ஓட்டுகிறவர்கள், அசந்தால் ஆபத்தான இயந்திரத்தில் நிற்கிறவர்கள் இப்படித் தூக்கத்தைக் குறைக்கக் கூடாது, மற்றவர்களுக்குக் குறைத்தாலும் படுக்கை நேரம் ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போவதில்லை. அப்புறம், குறட்டை பலமாக விட்டு நடுநடுவே மூச்சு நின்று திணறுகிறவர்களுக்கு இருப்பது வேறு நோய், அதற்கு வேறு வைத்தியம்.

இந்த முறைகள், தூங்காவிட்டால் நாளைக்கு எல்லாம் பாழ் என்ற பயத்தைப் பேசிக் கரைப்பது, எல்லாம் சேர்ந்ததுதான் தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. ஆறிலிருந்து எட்டு அமர்வுகளில் முடிந்துவிடும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது இதைத்தான், மாத்திரை பிறகு என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-ல் வழிகாட்டியாகவே வெளியிட்டது, ஐரோப்பிய வழிகாட்டியும் அடுத்த ஆண்டு அதையே சொன்னது. உங்கள் முழுப் பக்கத்தில் இதற்கு ஒரு வரி இல்லை. இந்தச் சிகிச்சை தெரிந்தவர்கள் கிடைப்பது கஷ்டம் என்பதும் உண்மைதான், நானே மூன்று மருத்துவரைக் கடந்துதான் நாலாவது ஆளிடம் போனேன். அதற்காகத்தானே பத்திரிகை எழுத வேண்டும்?

மாத்திரை சாப்பிடுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் எட்டு மாதம் சாப்பிட்டவன். சொல்பிடெம் வகை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, வண்டி ஓட்டுவது என்று விபரீதங்கள் நடந்ததால் 2019-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருந்துக் குறிப்பிலேயே கட்டம் கட்டிக் கடும் எச்சரிக்கை போடச் சொன்னது. அதற்காகப் பல மாதம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மது விஷயமும் அப்படித்தான்: சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பி உட்கார வைத்துவிடும்.

இரண்டு சில்லறை விஷயம். எட்டு மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும் என்று பெட்டிச் செய்தியில் போட்டிருந்தீர்கள். 2015-ல் தூக்க மருத்துவ அமைப்புகள் கூடிப் பேசி, பெரியவர்களுக்கு ஏழோ அதற்கு மேலோ என்றுதான் சொன்னார்கள். எட்டு என்ற அந்த எண் என்னை எத்தனை ராத்திரி விரட்டியிருக்கிறது தெரியுமா? நடுவில் ஓரிரு தடவை விழிப்பது எல்லாருக்கும் நடப்பதுதான், தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்று போகிற தூக்கத்தில் சுற்று முடியும்போது மேலே வருவோம், பெரும்பாலும் ஞாபகமே இருக்காது. இன்னொன்று, கையில் கட்டும் தூக்கக் கடிகாரம். அதன் மதிப்பெண்ணைப் பார்த்தே தூக்கம் கெட்டவர்களுக்காக 2017-ல் ஆர்த்தோசோம்னியா என்று ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். என் மைத்துனர் தினமும் எழுந்ததும் அதைப் பார்த்த பிறகுதான் தான் அசதியாக இருக்கிறேனா இல்லையா என்று முடிவு செய்கிறார். செல்பேசியின் நீல ஒளியைப் பற்றி ஊரே பேசுகிறது, என்னைக் கேட்டால் ஒளியைவிட அதில் படிக்கும் சண்டைதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

எனக்குப் பலித்த எளிய விஷயம் ஒன்று சொல்கிறேன். படுப்பதற்கு முன் ஐந்து நிமிஷம், நாளைக்குச் செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிவிடுவது. பேய்லர் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள், அன்றைக்கு முடித்த வேலையை எழுதியவர்களைவிட நாளைய வேலையை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கினார்களாம். எனக்கு அந்தத் தாள் காலையில் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

அடுத்த முறை தூக்கத்தைப் பற்றிப் போடும்போது, வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதமாக இப்படி இருந்தால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய் என்றும், மாத்திரை இல்லாத வைத்தியம் இருக்கிறது என்றும் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஏழையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

பச்சை எண் கடிகாரம் இப்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது, அலாரத்துக்கு மட்டும் வைத்திருக்கிறேன். மாதத்தில் இரண்டு மூன்று நாள் உங்கள் பத்திரிகை வந்து விழும் சத்தம் இன்னமும் காதில் விழத்தான் செய்கிறது. எழுந்து போய் எடுத்துவந்து கூடத்தில் உட்கார்ந்து படிக்கிறேன்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகன்