ஆயிரமாவது பெட்டி ஆயிரமாவது இல்லையாம்

அன்பு வடக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் இந்நேரம் ஒரு புலம்பல் கடிதம் வந்து சேர்ந்திருக்கும். நான்கு மாதமாக எழுதாததற்கு மன்னிப்பெல்லாம் கேட்கப் போவதில்லை. உன் பக்கமும் அதே நான்கு மாதம்தானே, கணக்கு நேர்.

கணக்கு என்றதும் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், அடக்கி வைக்க முடியவில்லை. யாரோ ஒளித்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் பிடித்துத் தேடும் நம் ஜியோகேச்சிங் பைத்தியத்தில், நான் கண்டுபிடித்த ஆயிரமாவது பெட்டி, என் ஆயிரமாவது கேச், நினைவிருக்கிறதா? துணியில் 1000 என்று பெயின்டால் எழுதி, இடம் போதாமல் கடைசி சைபர் மட்டும் கடுகளவு ஆகி, அதை நீ ஒரு பக்கம் பிடிக்க, வாத்தியார் படம் எடுக்கிறேன் என்று பின்னால் நகர்ந்து நகர்ந்து முள்ளில் உட்கார்ந்தாரே, அந்த நாள். அது ஆயிரமாவது இல்லையடி. 993-ஆவது.

சிரிக்காதே. முழுதும் படி, உன் கதையும் கடைசியில் இருக்கிறது.

போன மாதம் சும்மா இருக்கமாட்டாமல் ஜியோகேச்சிங் தளத்தில் 'மை ஃபைண்ட்ஸ்' என்ற பாக்கெட் குவரியை ஓட்டினேன். என் கண்டுபிடிப்புகள் எல்லாம் ஒரே ஜிபிஎக்ஸ் கோப்பாக வந்தது, அதை கேச் பட்டியல்களைக் கையாளும் ஜிஎஸ்ஏகே மென்பொருளில் ஏற்றினேன். 999 கேச் என்று காட்டியது. தளத்தில் என் ப்ரொஃபைலைப் பார்த்தால் 1007. கோப்புதான் பாதியில் அறுந்துவிட்டது என்று நினைத்தேன், யாருக்குமே முதலில் அப்படித்தான் தோன்றும். மறுபடி ஓட்டலாம் என்றால் அந்தக் குவரியை மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் ஓட்டலாம். மூன்று நாள் எனக்கு எப்படிப் போயிருக்கும் என்று உனக்குத் தெரியும். இரண்டாவது நாள் பொறுக்காமல், கேச் தேடுபவர்களின் புள்ளிவிவரம் காட்டும் ப்ராஜெக்ட்-ஜிசி தளத்தைத் திறந்தேன். அங்கே என் மொத்த எண்ணுக்குப் பக்கத்திலேயே 'டிஸ்டிங்ட்', அதாவது தனித்தனி கேச், என்று இன்னொரு எண், 999. இத்தனை வருஷமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. நான்தான் பெரிய எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தூங்கப் போயிருக்கிறேன்.

விஷயம் ரொம்ப எளிது. ப்ரொஃபைல் எண்ணுவது லாகுகளை, கண்டுபிடித்ததும் கேச்சின் பக்கத்தில் 'ஃபவுண்ட் இட்' என்று போடும் பதிவுகளை. கோப்பு எண்ணுவது கேச்சுகளை. ஒரே கேச்சுக்கு நான் இரண்டு 'ஃபவுண்ட் இட்' போட்டிருந்தால் ப்ரொஃபைலில் இரண்டு, கோப்பில் ஒன்று. ஆக எட்டு கேச்சுகளில் என் கைவரிசை இரட்டையாக இருக்கிறது.

அந்த எட்டையும் பிடிக்க ஒரு ராத்திரி ஆயிற்று. என் லாகுகளின் பட்டியலை அப்படியே நகலெடுத்து ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு, கேச் பெயர்படி வரிசைப்படுத்தினேன். பெயரை மட்டும் நம்பினால் மோசம் போவாய். 'பாலத்தின் கீழே' என்ற பெயரில் உலகத்தில் எத்தனை பெட்டியோ, என் பட்டியலிலேயே மூன்று இருந்தது. ஒவ்வொரு கேச்சுக்கும் தளம் தரும் ஜிசி எண் ஒன்றாக இருந்தால்தான் இரட்டை. அந்த எண்ணைப் பற்றி ஒன்று தெரியுமா? என் பழைய நோட்டில் ஒரு எண்ணின் நடுவில் 'எஸ்' என்று எழுதி வைத்திருந்தேன், தேடினால் கிடைக்கவே இல்லை. ஜிசி எண்களில் ஐ, எல், ஓ, எஸ், யு என்ற ஐந்து எழுத்துகளும் வராதாம். ஒன்று, பூஜ்யம், ஐந்து போல மயக்கும் எழுத்துகளை முன்யோசனையாக விலக்கியிருக்கிறார்கள். நான் எழுதியது 5. என் கையெழுத்தைப் பார்த்து நீ 'எறும்பு மையில் விழுந்து நடந்திருக்கிறது' என்பாயே, சரிதான், ஒத்துக்கொள்கிறேன்.

எட்டில் நான்கு என் கட்டைவிரலின் குற்றம். பள்ளத்தில் நிற்கிறோம், சிக்னல் ஒரு கோடு வருகிறது, போகிறது. லாகை அனுப்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பொறுமை இருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்? மறுபடி அழுத்துவேன். இரண்டும் போய்ச் சேர்ந்துவிடும். ஒன்றில் இன்னும் மோசம், போனிலிருந்தும் அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து டிராஃப்டுகளையும் ஏற்றியிருக்கிறேன். இரண்டிலும் ஒரே வாசகம், ஒரே எழுத்துப்பிழை.

இவற்றை அழிப்பது சுலபம் என்று மளமளவென்று ஆரம்பித்து முதலாவதிலேயே மூக்குடைபட்டேன். இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதே, எதை அழித்தால் என்ன என்று மேலே இருந்ததை அழித்தேன். அதில்தான் படம் இருந்தது. நீ ஒரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைச் சேறு விழுங்கிவிட்டது என்று வானத்தைப் பார்த்து நிற்பாயே, அந்தப் படம். லாகோடு அதுவும் போயிற்று. என் பழைய போனும் இப்போது இல்லை. உன்னிடம் இருந்தால் அனுப்பு, உடனே அனுப்பு. இந்தக் கடிதத்துக்குப் பாதிக் காரணம் அதுதான் என்று வைத்துக்கொள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஜோடியையும் முழுதாகத் திறந்து, எதில் படம் இருக்கிறது, எது நீளமாக எழுதியது என்று பார்த்துத்தான் கை வைத்தேன்.

ஐந்தாவது, ஒரு ஈவென்ட், கேச் தேடுபவர்கள் கூடும் சந்திப்பு. அதற்கு 'அட்டெண்டட்' என்று போடும் லாகும் கண்டுபிடிப்பாகவே எண்ணப்படும். அங்கே நின்றுகொண்டே போனில் 'அட்டெண்டட்' போட்டிருக்கிறேன். மறுநாள் நிதானமாக உட்கார்ந்து நீளமாக எழுதி, மறுபடி 'அட்டெண்டட்'. குட்டையானது போயிற்று. இந்த இடத்தில் வாத்தியாரைப் பற்றி ஒரு ரகசியம். அவர் பெயரையும் ப்ராஜெக்ட்-ஜிசியில் தட்டிப் பார்த்தேன். ஒரே ஈவென்ட்டில் 14 'அட்டெண்டட்'! ஒரு காலத்தில் அது வழக்கமாகவே இருந்ததே, ஈவென்ட்டுக்காகத் தற்காலிகமாக ஒளித்த பெட்டிகளுக்குத் தனிப் பக்கம் கிடையாது என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஈவென்ட் பக்கத்திலேயே ஒரு லாக். அவர் தெரிந்தேதான் போட்டிருப்பார். ஆனால் தன் மூவாயிரம் கேச்சைப் பற்றிப் பேசும்போது அந்தக் கழுத்து நீள்வதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நாக்கு துருதுருத்தது. வேண்டாம். நீயும் சொல்லாதே. இடம் மாறிக்கொண்டே இருக்கும் பழைய கேச்சுகள் சிலவும் உண்டு, அவற்றை வெவ்வேறு இடத்தில் இரண்டு தடவை கண்டுபிடித்தவர்கள் இரண்டு லாக் போட்டால் அது இரட்டையே இல்லை. அவரவர் கணக்கு அவரவருக்கு.

ஆறாவது, டிராக்கபிள் ஒன்றை, பெட்டிக்குப் பெட்டி பயணம் செய்யும் எண் பொறித்த பொருளை, போட மறுபடி போன இடம். கை பழக்கத்தில் 'ஃபவுண்ட் இட்' அழுத்தியிருக்கிறது. இதை அழிக்கவில்லை. லாகைத் திருத்தப் போய் வகையை 'ரைட் நோட்', அதாவது வெறும் குறிப்பு, என்று மாற்றினால் எழுதியதும் தேதியும் அப்படியே நிற்கும், எண்ணிக்கை மட்டும் ஒன்று இறங்கும். இது முன்னமே தெரிந்திருந்தால் உன் செருப்பு பிழைத்திருக்கும்.

ஏழாவதுதான் வேடிக்கை. அந்த முப்பது பெட்டித் தொடர் நடந்தோமே, 22-க்கு அப்புறம் நீ பேசவே இல்லையே, அதில் 16-க்கு இரண்டு லாக், 19-க்கு ஒன்றுமே இல்லை. இரண்டாவது லாகைப் படித்தால் 'மரப்பொந்து, கையை விட பயம்' என்று எழுதியிருக்கிறேன். பொந்து 19-ல்தான். ஒரு லாகைத் தூக்கி இன்னொரு கேச்சில் வைக்க வழி கிடையாது. 16-ல் இருந்ததை நகலெடுத்துக்கொண்டு அழித்துவிட்டு, 19-ல் பழைய தேதி போட்டுப் புதிதாக எழுதினேன். அந்த கேச் ஆர்க்கைவ் ஆகி, அதாவது ஆட்டத்திலிருந்து எடுக்கப்பட்டு, மூன்று வருஷம் இருக்கும், பக்கத்தைப் பூட்டாததால் லாக் ஏறிவிட்டது. அதன் சொந்தக்காரருக்கு மின்னஞ்சல் போகாமல் இருக்குமா? ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டார்: 'அந்த மரமே இப்போது இல்லையே, எங்கே கையெழுத்துப் போட்டீர்கள்?' விளக்கி எழுதினேன். மனிதர் பழைய லாக் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்! தேடிப் பார்த்துவிட்டு, 'ஆமாம், இருக்கிறீர்கள்' என்று பதில் போட்டார். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் நீ கேலி செய்வாய்.

தாளுக்கு உள்ள மரியாதை தனிதான். 2000-இல் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை எடுத்தார்கள் அல்லவா, மறுநாளே, மே 3, டேவ் உல்மர் அமெரிக்காவின் ஓரிகனில் உலகத்தின் முதல் கேச்சாக அந்தக் கறுப்பு வாளியை வைத்தார். அதிலும் ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தன. பென்சிலால் யாரும் அவசரத்தில் ஒரே வரியை இரண்டு தடவை எழுதுவதில்லை.

எட்டாவதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

கல்பாலத்துக்குக் கீழே இருந்த பெட்டி. 2013-இல் ஒரு லாக், 2019-இல் ஒரு லாக். இரண்டும் நான் எழுதியது. கட்டைவிரல் இல்லை, டிராக்கபிள் இல்லை. முதலாவது இது: 'வடக்கு ஆயத்தொலைவே தப்பு என்று அறிவித்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டாள். முக்கால் மணி நேரம் தேடினேன். அவள் உட்கார்ந்திருந்த கல்தான். இருவரும் கையெழுத்திட்டோம்.' இரண்டாவது: 'அமைதியான இடம். முதல் தடவையாக இந்தப் பக்கம் வருகிறேன். உட்காரத் தோதான கல்லையே மூடியாக வைத்தவருக்குப் பாராட்டுகள், யாருக்குத் தோன்றும்?'

முதல் தடவையாக வருகிறேனாம்! இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்குக் கை சில்லிட்டது. ஒரு இடத்தையே எப்படி மறக்க முடியும்? போனதை, தேடியதை, உன்னைத் திட்டியதை? சில நாள் உண்மையாகவே பயந்தேன், மண்டையில் ஏதோ கழன்றுகொண்டிருக்கிறது என்று. சாவியை எங்கே வைத்தேன் என்று தேடும்போதெல்லாம் அதுவே நினைப்பு. தாளிலும் புதுப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். பின்னால் புரட்டியிருந்தால் நம் இரண்டு பெயரும் இருந்திருக்கும். நான் என்றைக்குப் பின்னால் புரட்டியிருக்கிறேன்?

அப்புறம்தான் வருஷத்தைக் கவனித்தேன். 2019. அந்த வருஷம் நீயும் நானும் பேசவில்லை. அப்போது தனியாகப் போன இடங்கள் எதுவும் எனக்குச் சரியாக நினைவில்லை, எண்ணைத் தவிர. எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது, மாதத்துக்கு முப்பது, நாற்பது. மறந்தேனா, மறக்கப் பார்த்தேனா, எனக்கே தெரியவில்லை. இதைப் பற்றி நீ பதில் எழுத வேண்டாம். நான் எழுத வேண்டியிருந்தது, எழுதிவிட்டேன்.

அந்த 2019 லாகை அழிக்க மனம் வரவில்லை. நோட்டாக மாற்றிவிட்டேன்.

சரி, இப்போது கூட்டிக் கழித்துப் பார். 1007-இல் எட்டு போக 999, விட்டுப்போன 19-ஆம் எண்ணைச் சேர்த்தால் சரியாக 1000. அப்படியானால் என் உண்மையான ஆயிரமாவது எது? இரண்டு மாதத்துக்கு முன் போகிற போக்கில் சாலைத் தடுப்புக் கம்பியின் பின்னால் ஒட்டியிருந்த காந்த டப்பா. விரல் நுனி அளவு. அதில் நான் எழுதிய லாக் முழுவதும் இதோ: டிஎஃப்டிசி, 'தேங்க்ஸ் ஃபார் த கேச்' என்பதன் சுருக்கம். நாலே எழுத்து. அந்த நாலெழுத்தோடு நீ நிறுத்திக்கொள்கிறாய் என்று உனக்கு எத்தனை பாடம் எடுத்திருக்கிறேன்!

இப்போது உன் கதை. உன் பெயரையும் தட்டினேன், பின்னே விடுவேனா? 612, டிஸ்டிங்ட் 609. மூன்று இரட்டை. உனக்கு பாக்கெட் குவரிக்கான சந்தா இல்லை என்பதால் உன் லாக் பட்டியலை ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுத்தான் தேட வேண்டும். பார்த்து அழி, படம் இருக்கிறதை அழிக்காதே.

அப்படி உன் பட்டியலைத் துழாவியபோதுதான் கவனித்தேன். கல்பாலப் பெட்டியில் உன் லாகே இல்லை. 2013-இலும் இல்லை, பிறகும் இல்லை. கையெழுத்துப் போட்டாய், நான் பக்கத்தில் நின்றேன், பென்சில் முனை உடைந்து நகத்தால் சீவினாய். இதெல்லாம் இப்போது நன்றாக நினைவுக்கு வருகிறது, பார். லாக் மட்டும் போடவில்லை. மறந்தாயா, உட்கார்ந்திருந்த அவமானத்தில் விட்டாயா?

அந்தப் பக்கமும் ஆர்க்கைவ் ஆகிவிட்டது, ஆனால் பூட்டவில்லை. போய் எழுது. தேதியைப் பின்னால் தள்ள மறந்துவிடாதே, இல்லாவிட்டால் இன்றைய தேதி விழுந்துவிடும். என் 2013 லாகில் நாள் இருக்கிறது, அதையே போடு. டிஎஃப்டிசி என்று மட்டும் எழுதினாயானால் நேரில் வந்து உதைப்பேன். கல்லில் உட்கார்ந்ததை எழுது.

செருப்புப் படம், மறக்காதே.

உன்
தெற்கு