வசூல் போன்களை எதிர்த்து

பெரம்பூர், சென்னை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியது, உன் முழங்கால் வலி குறைந்தது எல்லாம் படித்துச் சந்தோஷம். இங்கே எல்லோரும் சௌக்கியம். மெட்ரோ வேலையால் கடைத்தெருவுக்குச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது, மற்றபடி குறையில்லை.

உன் மருமகனுக்குக் கடன் வசூல் ஆட்கள் விடாமல் போன் செய்கிறார்கள், மகள் அழுகிறாள் என்று எழுதியிருந்தாயே, அதற்காகத்தான் உடனே உட்கார்ந்தேன். எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

தம்பி ஒரு வங்கியில் தனிநபர் கடன் வாங்கியிருந்தான். வேலை போனதும் தவணை நின்றது. அவன் போனை எடுக்காவிட்டால் எனக்கு அடிப்பார்கள். நான் ஜாமீன் கையெழுத்துக்கூடப் போட்டதில்லை. விண்ணப்பத்தில் என் நம்பரைக் கொடுத்திருந்தான், அவ்வளவுதான். விடிந்து டிகாஷன் இறங்குவதற்குள் போன் வந்துவிடும். "அக்காதானே? நீங்க கட்டுங்க. இல்லேன்னா உங்க தெருவுல வந்து விசாரிப்போம்." ஒருநாள் அவன் மகள் படிக்கும் பள்ளிக்கே போன் போய்விட்டது. அந்தக் குழந்தை சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு சும்மா இருக்க எனக்கு மனசு வரவில்லை.

வாங்கிய கடனைக் கட்டத்தான் வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பாக்கி கேட்டுக் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ போன் செய்யக்கூடாது. மிரட்டக்கூடாது. வீட்டாரையும் நண்பர்களையும் இழுத்து மானத்தை வாங்கக்கூடாது. ஏஜென்சி ஆள் செய்தாலும் பொறுப்பு வங்கிக்குத்தான். தம்பிக்காக நாங்கள் பார்த்த வக்கீலம்மா இதைத்தான் அழுத்திச் சொன்னார்: போனில் கத்துகிற பையனோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அவனை ஏவிய வங்கியைப் பிடியுங்கள்.

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தேதி, நேரம், நம்பர், பேசியது எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தேன். பேச்சையும் பதிவு செய்தோம். ஆனால் பதிவை அப்படியே பென் டிரைவில் கொடுத்தால் போதாதாம். புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, பதிவு எந்தக் கருவியில் எப்படி எடுத்தது என்று சொல்லும் சான்றிதழும் சேர்க்க வேண்டுமாம். தம்பி முதலில் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினான். "வருந்துகிறோம்" என்று ஒரு பதில், அடுத்த நாளே மறுபடி போன். அப்புறம்தான் வக்கீல் நோட்டீஸ். அது போன பின் போன் நின்றது.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் தொல்லை நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஒரே விஷயத்தை இரண்டு இடத்திலும் நடத்த முடியாது என்பதால், பள்ளி வரைக்கும் போனதை மனதில் வைத்துத் தம்பி நுகர்வோர் ஆணையத்தைத்தான் தேர்ந்தெடுத்தான். வழக்கு இன்னும் நடக்கிறது. வழக்குப் போட்டதால் கடன் தள்ளுபடி ஆகிவிடாது, அதை மருமகனிடம் சொல்லிவிடு. தவணையைக் குறைத்துத் தரும்படி எழுத்தில் கேட்கச் சொல். தம்பியும் கேட்டிருக்கிறான், புது வேலையில் வருவதை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறான்.

வக்கீலுக்குப் பணம் எங்கே என்று உன் மகள் யோசிப்பாள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. உங்கள் பக்கத்து அம்பாசமுத்திரம் கோர்ட்டில் வட்ட சட்டப்பணிகள் குழுவைக் கேட்டால் வழி சொல்வார்கள். ஆளை அடிப்பேன், வெட்டுவேன் என்று பேசினால் நேரே போலீஸில் புகார் கொடுக்கட்டும்.

வந்த மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு. எல்லாவற்றையும் எனக்கும் அனுப்பச் சொல். செவ்வாய்க்கிழமை வக்கீலம்மாவைப் பார்க்கப் போகிறேன், கையோடு காட்டிக் கேட்டுவிட்டு உனக்குப் போன் செய்கிறேன்.

அன்புடன்,
மங்கை