பள்ளிக்கூட வாசலில் சிகரெட் விற்பதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
முன்னாள் பெட்டிக்கடைக்காரர்,
கடலூர் முதுநகர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கடலூர்.

பொருள்: பள்ளி அருகே மாணவர்களுக்கு உதிரி சிகரெட் விற்பது – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். துறைமுகம் பக்கத்தில் 19 வருடம் பெட்டிக்கடை நடத்தினேன். நுரையீரல் அடைப்பு நோய் வந்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கடையை விட்டுவிட்டேன். நானும் சிகரெட் விற்றவன், குடித்தவன். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எதிர்க்கடைக்காரர் சொல்வார்.

எங்கள் பகுதிப் பள்ளிக்கூட வாசலில் இப்போது 3 பெட்டிக்கடைகள் இருக்கின்றன. முதல் கடைக்கு கேட்டிலிருந்து 30 எட்டுகூட இல்லை. சிகரெட் பற்றவைக்க அங்கே நெருப்புக் கயிறு தொங்குகிறது. கனன்றுகொண்டிருக்கும் அதன் நுனி, ஏழாவது படிக்கும் பையனின் தோள் உயரத்துக்கு இருக்கிறது. சாயங்காலம் பள்ளி விட்டதும் ஒரு சிகரெட், அப்புறம் வாடை தெரியாமலிருக்க இரண்டு புதினா மிட்டாய், இதுதான் வியாபாரம். பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது விதி. உதிரியாக வாங்கும் பையன் கைக்குத்தான் பாக்கெட்டே வருவதில்லையே!

மீன் கெடாமலிருக்க ஃபார்மலின் ரசாயனம் தடவியிருக்குமோ என்று செவுளைத் தூக்கி மோந்து பார்த்து வாங்குகிற ஊர் எங்களுடையது. ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு சிகரெட் புகையிலும் இருக்கிறது. கூடவே பெட்ரோலில் உள்ள பென்சீன், பேட்டரியில் போடும் காட்மியம், ஆர்சனிக் என்று அந்தப் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள். அவற்றில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமாகப் பற்றிக்கொள்ளும். மைதானத்தில் ஓடவேண்டிய பிள்ளைக்கு இளைப்பு வராமல் என்ன செய்யும்? மூச்சுக்குழாயில் சளியையும் தூசியையும் வெளியே தள்ளும் நுண்ணிய மயிரிழைகளும் புகை பட்டுச் செயலிழக்கின்றன. காலையில் எனக்கு வரும் இருமல் அதனால்தான் என்று டாக்டர் சொன்னார். நிகோடின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும். நாளைக்கும் பையனைக் கடைக்கு இழுத்து வருவது அதுதான்.

2003-ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம், பிரிவு 6-இன்படி 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்கக்கூடாது. கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், யாருக்குமே விற்கக்கூடாது. இதற்கு அபராதம் 200 ரூபாய் வரைதான். அதைக் கட்டிவிட்டு மறுநாளே விற்பார்கள், எனக்குத் தெரியாததா? எனவே, சிறுவர்களுக்கு விற்பது தெரிந்தால் இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 77-இன் கீழும் வழக்குப் பதிய உத்தரவிட வேண்டும். அதில் 7 ஆண்டு வரை சிறையும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

கடைகளை அகற்றச் சொல்லவில்லை ஐயா. அவர்களும் வயிற்றுப்பாட்டுக்குத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நோட்டும் பேனாவும் கடலை மிட்டாயும் விற்கட்டும். அதிகாரி ஒருவரை அனுப்பி 100 கெஜத்தை டேப் வைத்து அளந்து, சாலையில் கோடு போட்டு, அதற்குள் சிகரெட்டும் நெருப்புக் கயிறும் இல்லாமல் செய்தால் போதும். ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளைகளுக்காக, 1800-11-2356 என்ற இலவச ஆலோசனை எண்ணைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கவும் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளியின் பெயரையும் கடைகள் இருக்கும் இடத்தின் வரைபடத்தையும் தனித்தாளில் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)