கிரேடு 1 என்று எழுதும் முன்: பாரம்பரியக் கட்டடக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழுவினருக்கு,

வணக்கம்.

பழைய கட்டடத்துக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் குத்துகிற முத்திரை ஒன்றுதான்: கிரேடு 1, 2, 3. மும்பை மகாலட்சுமி ரேஸ் கோர்ஸில் இரண்டு முத்திரையும் ஒரே மண்ணில் விழுந்திருக்கின்றன. அங்கே ஓடும் இந்தியன் டெர்பி கிரேடு 1 பந்தயம். அது ஓடுகிற இடமோ அந்நகரின் பாரம்பரியப் பட்டியலில் II-பி, அதாவது இரண்டாம் தரத்தின் கீழ்ப்பிரிவு. எங்களில் சிலர் பழைய கட்டடங்களை அளந்து வரைகிறவர்கள். சிலர் பந்தய ரேட்டிங் கணக்கில் புழங்குகிறவர்கள். இரண்டு பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகே இந்த மடலை எழுதுகிறோம். பந்தயக்காரர்களிடமிருந்து நீங்கள் ஒன்றைக் கடன் வாங்கலாம்: கணக்கைத் திறந்து காட்டுகிற பழக்கம். இன்னொன்றை வாங்கவே கூடாது: இன்றைய நிலையை வைத்துத் தரத்தை இறக்குவது.

முதலில் பந்தயக் கணக்கு. ஐரோப்பாவில் 1971 முதல் பெரிய சமதரைப் பந்தயங்களை (தடை தாண்டாமல் ஓடுபவை) குரூப் 1, 2, 3 என்று பிரிக்கிறார்கள்; கிரேடுக்கு அங்கே பெயர் குரூப். அவற்றுக்கு அடுத்த படி ‘லிஸ்டட்’. (கட்டடக்காரர்களுக்கு ‘லிஸ்டட்’ என்றால் பட்டியலுக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள். பந்தயத்தில் அது கடைசிப் படி. இங்கிலாந்தில் இரு தரப்பாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் குழப்பம் நிச்சயம்.) ஒவ்வொரு குதிரைக்கும் அதன் திறனைக் காட்ட, பவுண்டு எடைக் கணக்கில் ஒரு ரேட்டிங் உண்டு. பந்தயத்தில் முதல் நான்கு இடம் பிடித்த குதிரைகளின் ரேட்டிங்கைக் கூட்டி நான்கால் வகுத்தால் அந்த ஆண்டின் பந்தய ரேட்டிங். மூன்று ஆண்டுச் சராசரியை அளவுகோலோடு ஒப்பிடுவார்கள். மூன்று வயதும் அதற்கு மேலும் உள்ள குதிரைகளின் பந்தயங்களுக்குக் குரூப் 1 என்றால் 115, குரூப் 2 என்றால் 110, குரூப் 3 என்றால் 105, லிஸ்டட் என்றால் 100. பெண் குதிரைகளுக்கு மட்டுமான பந்தயங்களுக்கு அளவுகோல் சற்றுக் குறைவு.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்க்கலாம். முதல் நான்கு குதிரைகள் 120, 117, 113, 110 என்றால் சராசரி 115. குரூப் 1 நிலைத்தது. அடுத்த ஆண்டு பந்தய நாளன்று மழை, தரை சேறு. நல்ல குதிரைகள் இரண்டைப் பயிற்சியாளர்கள் கடைசி நேரத்தில் விலக்கிக்கொள்கிறார்கள். முதல் மூன்று குதிரைகளின் ரேட்டிங் அப்படியே இருந்தாலும், நான்காவதாக வந்தது 98 ரேட்டிங் குதிரை. சராசரி 112-க்கு விழுந்துவிடும். ஜெயித்த குதிரை எவ்வளவு பெரிய குதிரையாக இருந்தாலும், நாலாவது குதிரை பந்தயத்தின் காலை வாரிவிடும். ஓர் ஆண்டை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் மூன்று ஆண்டுச் சராசரி பார்ப்பது இதனால்தான்.

இந்த முறையில் இறக்கமும் உண்டு, ஏற்றமும் உண்டு. இங்கிலாந்தின் ராயல் ஆஸ்கட் பந்தய விழாவில் ஓடும் கிங்ஸ் ஸ்டாண்ட் ஸ்டேக்ஸ் (2023 முதல் கிங் சார்லஸ் III ஸ்டேக்ஸ்) 1988-இல் குரூப் 2-க்கு இறக்கப்பட்டது. 2008-இல்தான் மறுபடி குரூப் 1 ஆனது. எதனால் இறங்கியது, ஏற என்ன வேண்டும் என்பதை யாரும் காகிதத்தில் கூட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டடத் தரத்தில் இந்தத் திறப்பு இல்லை. பட்டியலில் ஒரு பெயரும் எதிரே ஓர் எண்ணும் இருந்தால், அது ஏன் 2, ஏன் 1 இல்லை என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது, அடுத்த தெருக்காரருக்கும் தெரியாது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பக்கக் காரணக் குறிப்பு வெளியிடுங்கள். எந்த ஆண்டு, யார் கட்டியது, எந்த அளவுகோலில் தேறியது, தரம் 1-க்கு எது குறைந்தது என்று அதில் இருக்கட்டும். நீதிமன்றத்துக்குப் போனாலும் நிற்கப்போவது அந்த ஒரு பக்கம்தான்.

ஆனால் சராசரி போடாதீர்கள். கட்டடக்கலைக்கு இத்தனை, வரலாற்றுக்கு இத்தனை, தெருத் தோற்றத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக் கூட்டுகிற படிவங்கள் பல இடங்களில் புழக்கத்தில் இருக்கின்றன. திருவல்லிக்கேணியில் பாரதி வாழ்ந்த வீட்டை அந்தப் படிவத்தில் நிரப்பிப் பாருங்கள். வரலாற்றுக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். கட்டடக்கலை என்ற கட்டத்தில், அந்தத் தெருவின் பழைய வீடுகளில் அதுவும் ஒன்று. கூட்டி வகுத்தால் நடுத்தரம் என்று வரும். நாலாவது குதிரை செய்த வேலையை இங்கே ஒரு காலிக் கட்டம் செய்துவிடும். பந்தயத்தின் மதிப்பு ஓடுகிற எல்லாக் குதிரைகளின் மதிப்பு, அதனால் அங்கே சராசரி சரி. கட்டடம் ஒரே ஒரு காரணத்துக்காகவே முதல் தரமாக இருக்கலாம். அளவுகோல்களில் எது மிக உயர்ந்து நிற்கிறதோ அதுவே தரத்தைத் தீர்மானிக்கட்டும்.

இனி இறக்கும் விஷயம். பந்தயத்தில் தரம் உயர்ந்தால் எல்லாருக்கும் லாபம். குரூப் பந்தயத்திலோ லிஸ்டட் பந்தயத்திலோ ஜெயித்த குதிரையின் பெயர் ஏலப் பட்டியலில் தடித்த பெரிய எழுத்தில் அச்சாகும். அதன் தாய் ஈன்ற மற்றக் குட்டிகளுக்கும் விலை ஏறும். அதனால் பந்தயம் நடத்துபவர் பரிசுத் தொகையைக் கூட்டியாவது நல்ல குதிரைகளை வரவழைத்து தரத்தைக் காப்பாற்றப் பார்ப்பார். கட்டடத்தில் ஆசை தலைகீழ். தரம் 1 முத்திரை விழுந்தால் இடிக்க முடியாது, மாடி ஏற்ற முடியாது, அண்ணா சாலை மனை விலைக்கு ஏற்ற தளப்பரப்பு கைக்கு வராது. உரிமையாளர் தரம் இறங்கவே விரும்புவார். அதில் அவரைக் குறை சொல்வதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை, கணக்கு அப்படி இருக்கிறது. இந்த நிலையில் ‘கட்டடம் சிதிலமாகிவிட்டது, தரத்தை இறக்கலாம்’ என்ற ஒரு வழியை நீங்கள் திறந்துவைத்தால், மாடிக்கு ஏறி, மழைநீர் வெளியேற முடியாமல் அடைத்துக்கொண்ட தூம்பிலிருந்து இலையை எடுக்காமல் விட்டாலே போதும். நாலைந்து ஐப்பசி மழை மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இங்கிலாந்துக்காரர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். கட்டடத்தைப் பட்டியலில் சேர்ப்பதா, எந்தத் தரம் என்று முடிவெடுக்கும்போது அதன் பழுது நிலையைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது அவர்களுடைய தேர்வு நெறிகளிலேயே இருக்கிறது. இதை உங்கள் விதிகளில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும் என்பதே இந்த மடலின் முதன்மைக் கோரிக்கை.

சென்னையிலேயே சான்று இருக்கிறது. சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பிடித்துக் கூரை விழுந்தது. அன்று பார்வையிட்ட யாரும் ‘நிலை’ என்ற கட்டத்தில் நல்லதாக ஒன்றும் எழுதியிருக்க முடியாது. பிறகு பொதுப்பணித் துறை அதைச் சீரமைத்தது. இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குகிறது.

சிதிலம் என்ற சொல் எதையெல்லாம் மூடி மறைக்கிறது என்பதற்கு, பழைய சென்னைக் கட்டடங்களின் மாடித் தளமான மெட்ராஸ் டெரஸைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்கு உத்திரங்கள். அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மூலைவாட்டத்தில், சுண்ணாம்புக் காரையில் ஒட்டியிருப்பார்கள். அதன் மேல் மூன்று நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, மரத்தட்டியால் இறுகும்வரை தட்டி, உச்சியில் தட்டோடு பாவியிருப்பார்கள். இந்தத் தளம் பெரும்பாலும் நடுவில் கெடுவதில்லை. உத்திரத்தின் முனை சுவருக்குள் போகிற அந்த அரையடியில்தான் கெடுகிறது. தூம்பு அடைத்துக் கைப்பிடிச்சுவர் அடியில் தண்ணீர் நின்றால், ஈரம் சுவர் வழியாக இறங்கி மரத்தின் முனையைப் பிடிக்கும். வெளியே யாரோ நல்லெண்ணத்தில் சிமென்ட் பூசியிருந்தால் இன்னும் மோசம்: சுண்ணாம்புச் சுவரால் மூச்சு விட முடியாது, உள்ளே போன ஈரம் உள்ளேயே தங்கும், உப்புப் பூத்துப் பூச்சு பாளம் பாளமாக உதிரும். அறைக்குள் நின்று பார்க்கிறவருக்கு ஓர் உத்திரம் தொங்குகிறது, ஒரு மூலையில் செங்கல் விழுந்திருக்கிறது. ‘வாழத் தகுதியற்றது’ என்று எழுதிவிடுவார். கையில் ஒரு சுத்தியும் கூரான கம்பியும் போதும். உத்திரத்தை நடுவிலும் முனையிலும் தட்டிப் பாருங்கள். நடுவில் கணீரென்றும் முனையில் பொத்தென்றும் கேட்டால் நோய் அந்த முனையோடு நிற்கிறது. முட்டுக் கொடுத்து, கெட்ட முனையை வெட்டி, புதுத் தேக்கை இரும்புப் பட்டை வைத்து இணைத்தால் தளம் நிற்கும். இதைச் செய்யாமல் மேலே கான்கிரீட் தளம் போட்டால், அந்தச் சுமையும் அதே முனைக்குத்தான் வரும்.

அடுத்தது, அறிவிப்புக்கும் பட்டியலுக்கும் இடையே உள்ள நாட்கள். லண்டனுக்கு மேற்கே பிரென்ட்ஃபர்டில் 1928-இல் கட்டிய ஃபயர்ஸ்டோன் தொழிற்சாலையின் முகப்பு, அதைப் பட்டியலில் சேர்க்கும் ஆணை வருவதற்குச் சற்று முன்னால், 1980 ஆகஸ்ட் விடுமுறை வார இறுதியில் இடிக்கப்பட்டது. ‘சேர்க்கப் போகிறோம், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்’ என்று அறிவிப்பது நியாயம்தான். அதோடு அன்றைக்கே இடைக்காலத் தடையும் அமலுக்கு வரவேண்டும். இல்லாவிட்டால் இடிப்பவருக்கு நாமே நாள் குறித்துக் கொடுத்ததாகும். சென்னையில் இப்போது பேசப்படும் 467 கட்டடங்களின் பட்டியலே விளம்பரப் பலகை வழக்கில் நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்தது. அதற்குப் பாதுகாப்புக் கிடைத்தது, அண்ணா சாலையின் பழைய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கத் தொடங்கிய பிறகு நடந்த வழக்கில், 2010-இல் உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பால். பலகை எங்கே வைக்கக் கூடாது என்பதற்காகத் தொகுத்த பட்டியல், எந்தக் கட்டடத்தில் எது மாறக் கூடாது என்பதைச் சொல்லாது. அந்த வேலை உங்களுடையது.

‘எது மாறக் கூடாது’ என்பதில் முகப்போடு நின்றுவிடாதீர்கள். இங்கிலாந்தில் எந்தத் தரமானாலும் காப்பு பொதுவாக முழுக் கட்டடத்துக்கும் உண்டு, உள்ளறை உட்பட; 1948 ஜூலை 1-க்கு முன் வளாகத்தில் கட்டிய மதிலும் கொட்டகையும்கூட அடங்கும். அங்கே தரம் என்பது எவ்வளவு கூர்ந்து பரிசீலிப்பது என்பதற்கான அளவு. மும்பையின் 1995 விதிகளில் அப்படி இல்லை: முதல் தரத்தில் உள்ளேயும் கை வைக்க முடியாது, II-ஏ-வில் உள்மாற்றம் பெரும்பாலும் செய்யலாம், II-பி-யில் அதே மனையில் கூடுதல் கட்டடமும் எழுப்பலாம், III-இல் இன்னும் தளர்வு. எந்த முறையை எடுத்தாலும், குறிப்பில் படிக்கட்டு, தரை ஓடு, கிணறு, மதில் என்று பெயர் சொல்லி எழுதினால்தான் பின்னால் வாதம் வராது.

மூன்றாம் தரத்தைப் பற்றி ஒரு சொல். இங்கிலாந்திலும் கிரேடு III இருந்தது. சட்டக் காப்பு இல்லாத வெறும் பெயர்ப் பட்டியல். 1970-இல் அதை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து பல கட்டடங்கள் இரண்டாம் தரத்துக்கு ஏறின, மற்றவை காப்பின்றிப் போயின. மூன்றாம் தரம் தரப்போகிறீர்கள் என்றால், அதன் கீழ் எந்தெந்த வேலைக்கு உங்கள் அனுமதி வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

தரத்தை மறுபடி பார்ப்பது பற்றி: ஏற்றுவதற்கு எப்போது வேண்டுமானாலும் மனு வரலாம் என்று வையுங்கள். இறக்குவதற்கு இரண்டே காரணம்: முதலில் எழுதிய தகவல் தவறு, அல்லது கட்டடமே இப்போது இல்லை. இரண்டாவதற்கு, அது எப்படி இல்லாமல் போனது என்ற விசாரணை முடிந்த பிறகே மனையில் புது வரைபடம் ஏற்கப்படட்டும்.

ஆவணப் படிவங்களில் ‘நிலை: நன்று, சுமார், சிதிலம்’ என்று ஒரு கட்டம் வழக்கமாக இருக்கும். அதைத் தரப் படிவத்திலிருந்து எடுத்துத் தனித் தாளில் போடுங்கள். அந்தத் தாள் தரம் முடிவு செய்பவர்களிடம் போக வேண்டாம். தூம்பு, கைப்பிடிச்சுவரில் முளைத்த அரசங்கன்று, உத்திர முனைகள், சிமென்ட் பூச்சு என்ற நான்கு வரிகளோடு அது பழுதுபார்க்கும் பொறியாளரிடம் போகட்டும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக.

இப்படிக்கு,
பழைய கட்டடங்களை அளப்பவர்களும் பந்தய ரேட்டிங் கணக்குப் பார்ப்பவர்களும்