ஒப்பாரியும் ஒரு பள்ளிக்கூடம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

சுயாதீன இசைக் கலைஞர்களைப் பேட்டி எடுப்பவர்கள் தவறாமல் கேட்பது, "உங்களுக்குப் பிடித்த இசையமைப்பாளர் யார்?" என்பதுதான். எல்லாருக்கும் ஊற்று சினிமாதான் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

அரக்கோணத்துக்காரரான ராப் பாடகர் 'தெருக்குரல்' அறிவை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். இலங்கையும் இந்தியாவும் போட்ட 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் லட்சக்கணக்கான மலையகத் தமிழரை இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிய கதை நமக்குத் தெரியும். அந்தத் தோட்டத்துக் கதைகளைப் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்ததன் விளைச்சல்தான் 2021-ல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டு. ராப் வெளியூர்ச் சரக்கு. அதற்குள் இருக்கும் ஒப்பாரி நம்முடையது.

எங்கள் பக்கத்து இழவு வீடுகளில் பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பாடுவதைக் கவனித்திருக்கிறேன். செத்தவரின் உறவுமுறை, வாங்கித் தந்த சேலை, தீராத பங்காளிச் சண்டை எல்லாம் அந்த நிமிடமே பாட்டில் வந்து விழும். எழுதி வைத்துக்கொள்வதெல்லாம் கிடையாது. இளைஞர்கள் 'ஃப்ரீஸ்டைல்' என்று பெருமையாகச் சொல்வதை இவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே செய்துவிடுகிறார்கள்!

காசு விஷயத்தையும் கேட்க வேண்டும். 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024-ல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அத்தனை கோடிப் பேர் கேட்ட பாட்டுக்கே இந்தக் கதி.

அடுத்த இசைச் சிறப்பிதழில் ஒப்பாரி பாடும் அம்மா ஒருவரின் பேட்டியையும் போடுங்கள்.

- வாசகர், சோளிங்கர்