கே.பி. ஐயாவின் கார்

ஹட்டன்
2025 ஆகஸ்ட்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. வவுனியாவில் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கே மூன்று நாளாகக் காயாத சட்டையை அடுப்படிக் கொடியில் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அதைப் படித்து, உன்மேல் கொஞ்சம் பொறாமைப்பட்டேன். வீட்டில் எல்லோரும் நலம். மூத்தவள் உயர்தரப் பரீட்சை முடிவு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கிறாள். 18 வயது முடிந்துவிட்டது.

நலம் விசாரித்த கையோடு நீ கேட்ட கேள்விக்குத்தான் இந்தக் கடிதம் முழுவதும். "பெற்ற பிள்ளைக்கு நாற்பது வருஷத்துக் காரையா கொடுப்பாய், அதுவும் அந்த வளைவுகளில் ஓட்டுவதற்கு?" என்று கேட்டிருந்தாய். கோபம் வரவில்லை. அதே கேள்வியை என் மனைவி உனக்கு முன்பே, இன்னும் காரமாகக் கேட்டுவிட்டாள்.

கார் யாருடையது என்று சொன்னால் உனக்கு நினைவு வரக்கூடும். நம் மேற்கணக்குத் தேயிலைத் தோட்டத்தில், ஆட்களை மேய்க்கும் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவருடையது. தோட்டத்தில் கே.பி. என்றால் கணக்கப்பிள்ளை, டொயோட்டா 1978 முதல் 1984 வரை செய்த அந்த ஸ்டார்லெட்டின் மாதிரிக் குறியீடும் கே.பி. 61. கே.பி. ஐயாவிடம் கே.பி. கார் என்று ஊரே சிரித்தது. 2022இல் பெற்றோலுக்கு வரிசை நின்று, பிறகு எரிபொருள் கியூ.ஆர். அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வந்தபோது, "இனி எனக்கு எங்கே போக இருக்கிறது?" என்று சொல்லி வண்டியைக் கொட்டிலில் விட்டுப் படங்கால் மூடிவிட்டார். அதன்பிறகு அதை யாரும் தொடவில்லை. என்ன விலைக்கு வாங்கினேன் என்று எழுத மாட்டேன், எழுதினால் சிரிப்பாய். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியவர்கள் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவைத் திறந்தார்கள். அந்த ஐந்து வருஷத்தில் கொட்டிலில் கோழி அடைகாத்த வண்டிக்குக்கூட விலை ஏறியிருந்தது. புதிதாக இறக்கும் கார்களின் வரியைப் பார்த்தால் ஓர் ஆசிரியன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியாது.

இந்த மாதிரிக் காரை முதன்முதலில் நாம் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம், நினைவிருக்கிறதா? ஹட்டன் புகையிரத நிலையத்துக்கு முன்னால் ஒருவர் காரின் பின்கதவைத் தூக்கி நிறுத்திவிட்டு மரக்கறி மூட்டையை உள்ளே வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியோடு சேர்ந்து முழுக் கதவும் பெட்டி மூடி போல மேலே எழுந்து அப்படியே நின்றதைப் பார்த்து, நீ கையை வைத்து அமுக்கிப் பார்த்து அவரிடம் ஏச்சு வாங்கினாய். அதற்கு அடுத்த வருஷம்தான் 83 கலவரம். உங்கள் குடும்பம் வவுனியாவுக்குப் போய்விட்டது. படங்கை விலக்கியபோது நான் முதலில் செய்த காரியம் அந்தப் பின்கதவைத் தூக்கியதுதான். அதைத் தாங்கும் தண்டுகள் வலுவிழந்திருந்ததால் அது மெதுவாக இறங்கி என் தலையிலேயே தட்டியது.

வெளியே பார்த்தால் வண்டி பரவாயில்லை. ஆனால் மலைநாட்டில் ஒரு பழைய காரை வாங்குகிறவன் இயந்திரத்தைக் கேட்பதற்கு முன் தரையைப் பார்க்க வேண்டும். சாரதி இருக்கையின் கீழிருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினோம். அதன் அடியில் இருந்த சணல் மெத்தை ஊறின பாண் போலக் கையோடு வந்தது. மகள் திருப்புளியை எடுத்து மெதுவாக ஊன்றினாள், அழுத்தவே இல்லை, அது கைப்பிடிவரை இறங்கிவிட்டது. குனிந்து அந்த ஓட்டை வழியாகப் பார்த்தவள், "அப்பா, கீழே புல் தெரியுது" என்றாள். இங்கே கடல் உப்பு இல்லையே என்று நீ கேட்பாய். உப்பு தேவையில்லை, மச்சான். ஆறு மாதம் ஈரம் காயாமல் இருந்தால் போதும். கதவுகளின் அடியிலும் அவற்றுக்குக் கீழே ஓடும் ஓரப் பெட்டிகளின் அடியிலும் தண்ணீர் வடிய வைத்த சிறு துளைகள் எல்லாம் மண்ணும் சருகும் அடைத்துக் கிடந்தன. பெய்த மழை உள்ளேயே தங்கி, உள்ளிருந்து வெளியே தின்றிருக்கிறது. இப்போது மகள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவி அந்தத் துளைகளைக் குத்திவிடுகிறாள்.

தகர வேலை செய்த டிங்கர் பாஸ் ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்றார். எப்படி என்று கேட்டதற்கு, பட்டி பூசி மேலே தார் அடித்துவிடலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றார். இருக்கை பூட்டியிருக்கும் இடத்திலேயே தகரம் செத்திருக்கும்போது பட்டி பூசுவது, பல் சொத்தைக்கு மேலே வெற்றிலைச் சுண்ணாம்பு தடவுவது போலத்தான். நான் மறுத்துவிட்டேன். கெட்ட தகரத்தை நல்ல தகரம் பளபளக்கும் வரை வெட்டி எடுத்து, புதுத் தகரம் வளைத்துப் பற்றவைத்து, பொருத்துகளுக்குப் பசை அடைத்து, அதன்பிறகுதான் அடிப்பூச்சு. ஒரு வாரம் ஏழு வாரமானது. பாஸ் மீது எனக்குக் குறை இல்லை. செய்யத் தொடங்கியபின் அவர் மிக நேர்த்தியாகவே செய்தார்.

இயந்திரம் நீ நினைப்பதைவிட நல்ல பிள்ளை. 1290 சி.சி.யில் 4கே என்ற அந்த எஞ்சின் டைமிங் பெல்ட் இல்லாமல் சங்கிலியில் ஓடுவது. வால்வு இடைவெளியை, சூடேறிய நிலையில் உள்வால்வுக்கு 0.20, வெளிவால்வுக்கு 0.30 மில்லிமீற்றர் என்று வைத்தால் அதன் புலம்பல் பாதி அடங்கிவிடும். தாங்கியில் மூன்று வருஷம் கிடந்த பெற்றோல் வார்னிஷ் வாடை அடித்தது. தாங்கியைக் கழற்றிக் கழுவி, காபரேட்டரைப் பிரித்துத் துப்புரவு செய்தோம். பிளக்குகள் கரிச்சட்டி போலக் கறுத்து வந்ததற்குக் காரணத்தை மகளே பௌதிகவியல் பாடத்திலிருந்து சொன்னாள்: ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்தில் காற்று மெல்லியது, கீழ்நாட்டில் வைத்த கலவை இங்கே பெற்றோல் கூடிப்போகிறது. காற்றுத் திருகைச் சற்று மாற்றியபின் ஓரளவு சரியாயிற்று. எஞ்சினைப் பற்றி இதற்குமேல் எழுதுவதற்கில்லை.

பிரேக்கைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஏனென்றால் உன் கேள்விக்கு நேரான பதில் அங்கேதான் இருக்கிறது. என் மானம் போன கதையும் அங்கேதான்.

திறந்து பார்த்தபோது பிரேக் ஒயில் சாயத் தேநீர் நிறத்தில் இருந்தது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பண்டம். டொட் 3 வகையில் புதியது கொதிக்கக் குறைந்தது 205 பாகை வேண்டும். ஈரம் ஏறிய பின்னர் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். வட்டவளையிலிருந்து கினிகத்தேனை வரைக்கும் காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவனுக்கு அந்தச் சூட்டை எட்டுவது பெரிய காரியமில்லை. ஒயில் கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை அமுக்கினால் அது சுருங்கும், சக்கரத்தைப் பிடிக்காது. மிதி தரை வரைக்கும் போகும். நேர்ச் சாலையில் ஓட்டும் உனக்கு இது புத்தகக் கதை. இங்கே அப்படிப் போன லொறியைப் பள்ளத்தில் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பிரேக்கின் எல்லா ரப்பர்களையும் மாற்றுவது என்று முடிவு செய்து, கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய் வாங்கிவந்தேன். மிதியை அமுக்கும்போது ஒயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை நானே பிரித்தேன். நான் தோட்டத்து லொறிச் சாரதியின் மகன் அல்லவா? அப்பா எதையும் மண்ணெண்ணெயில் கழுவுவார். நானும் சிலிண்டரை மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, புது ரப்பரைப் போட்டு மூடினேன். மகள் மிதியில் கால் வைத்து உட்கார்ந்தாள். தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கி, "மிதி, பிடி, விடு" என்று ஒரு மாலை முழுவதும் கத்தி, போத்தலில் குமிழி வராத வரைக்கும் காற்றை வெளியேற்றினோம். மிதி கல் போல நின்றது. எனக்கு ஒரே பெருமை.

இரண்டு நாள் கழித்துத் தலவாக்கலை வரைக்கும் போய்த் திரும்புவோம் என்று புறப்பட்டோம். நான் ஓட்டினேன், அவள் பக்கத்தில். திரும்பி வரும்போது, டெவோன் நீர்வீழ்ச்சி தெரியும் பக்கம் வந்ததும் வண்டி இழுக்கவில்லை. மூன்றாம் கியரில் போக வேண்டிய இடத்தில் இரண்டுக்கு இறங்க வேண்டியிருந்தது. "அப்பா, எரியிற வாசம் வருது" என்றாள். தொழிற்சாலையில் தேயிலை வறுக்கிறார்கள் என்றேன். "இது தேயிலை வாசம் இல்லை. நிறுத்துங்க" என்றாள், ஆசிரியனிடம் ஆசிரியர் பேசுவது போல. நிறுத்தினேன். அவள் இறங்கி, தண்ணீர்ப் போத்தலில் விரலை நனைத்து முன்சக்கரத்தின் மேல் தெறித்தாள். துளி சுர்ரென்று ஆவியானது.

என்ன நடந்தது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மண்ணெண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊதும். ஊதின ரப்பர், மிதியை விட்டதும் ஒயில் திரும்பிப் போக வேண்டிய சிறு துவாரத்தை மூடிக்கொண்டது. போன அழுத்தம் போன இடத்திலேயே நின்று, சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. சக்கரத்துப் பக்கம் காற்றை வெளியேற்ற வைத்த நிப்பிளைத் தளர்த்தியதும் ஒயில் பீச்சியடித்தது, சக்கரம் உடனே சுழன்றது. அப்பா எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவுவார் என்பது உண்மைதான். பிரேக் சாமானை மட்டும் பிரேக் ஒயிலிலேயே கழுவி எடுப்பார் என்பதை நான் சிறுவனாக இருந்து கவனிக்கவில்லை. அப்படியே மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நான் சொன்னேன். அவள் சம்மதிக்கவில்லை. தெரிந்த ஒருவரின் சிறு லொறியை வரவழைத்து, மண் திட்டோடு பின்பக்கத்தைச் சேர்த்து நிறுத்தி, வண்டியைத் தள்ளி ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். கொட்டகலையில் தேநீர்க் கடைக்கு முன்னால் நின்றிருந்த என் பழைய மாணவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

இரண்டாவது முறை ரப்பர் போட்டது நான் இல்லை. அவள் போட்டாள், நான் விளக்குப் பிடித்தேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். காற்றுப்பை இல்லை, சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏற்பாடு இல்லை, பக்கக் கதவு என்று இருப்பது வெறும் தகரம்: நீ எழுதியது ஒவ்வொன்றும் சரி. எதையும் மறுக்க முடியாது. மோதினால் இந்தக் கார் அவளைக் காப்பாற்றாது; மோதாமல் இருப்பதற்கு வேண்டியதைத்தான் நான் செய்ய முடியும். அதனால் முன்னிருக்கை வார்களைப் புதிதாக மாற்றினேன். டயர்கள் பார்வைக்குப் புதிது போல இருந்தன. மகள் பக்கச் சுவரில் இருந்த நான்கு இலக்கத்தைப் படித்துக் காட்டினாள், 2309. 2009ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அவள் அப்போது மழலை பேசிக்கொண்டிருந்தாள். நான்கையும் கழற்றித் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டக் கொடுத்துவிட்டேன். இருட்டியபின் ஓட்டக் கூடாது, நானுஓயா ஏற்றத்தில் மூடுபனி இறங்கினால் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஏறின கியரிலேயே இறங்க வேண்டும். இந்த மூன்றும் வீட்டுச் சட்டம். கொழும்புக்கு இதில் போவது இல்லவே இல்லை. உன் மகனுக்கு நீ பார்த்துவைத்திருக்கும் வண்டியில் இதைவிடப் பாதுகாப்பு உண்டு, சந்தேகமில்லை. ஆனால் எரியும் வாசம் வந்தால் அவன் என்ன செய்வான் என்று அவனிடம் ஒருமுறை கேட்டுப் பார்.

நிறத்தில் சண்டை நடந்தது. அவளுக்குக் கொழுந்துப் பச்சை வேண்டும். எனக்கு ஐயா வைத்திருந்த வெள்ளை. நிறம் மாறினால் பதிவிலும் மாற்ற வேண்டும், அதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு நடக்க வேண்டும் என்று சொல்லி வென்றுவிட்டேன். வென்றேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கை உறை எல்லாம் கொழுந்துப் பச்சையில் தைத்து வந்திருக்கிறது.

எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்து இப்போது 'எல்' பலகையோடு ஓட்டுகிறாள். கே.பி. ஐயாவைப் போன வாரம் பின்னால் ஏற்றிக்கொண்டு டிக்கோயா வரைக்கும் போய்வந்தோம். அவர் வழி முழுவதும் ஒன்றும் பேசாமல், வளைவு வரும்போதெல்லாம் தன் வலது காலை மட்டும் தரையில் அமுக்கிக்கொண்டே வந்தார்.

ஓர் உதவி வேண்டும். பின்பக்க இடது விளக்கின் கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது, எங்கள் பக்கம் கிடைக்கவில்லை. வவுனியாப் பக்கத்துக் கொட்டில்களில் இந்த மாதிரிக் கார் இன்னும் நிற்கும். ஐந்து கதவு இல்லை, மூன்று கதவுக் கார் என்று சொல்லிக் கேள். கிடைத்தால் வாங்கி வை; பஸ்ஸில் யார் கையிலாவது கொடுத்தனுப்பினால் போதும். அனுமதிப்பத்திரம் கிடைத்ததும் தானே ஓட்டிவந்து வாங்கிக்கொள்வதாக மகள் சொல்கிறாள். நான் இன்னும் சம்மதிக்கவில்லை.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்